பானைச் சீரும் பாதி மீசையும்

கண்டரமாணிக்கத்தில் செட்டியார் வீடுகளை விட்டுவிட்டுப் பார்த்தால், முதன்முதலாகக் காங்கிரீட் வீடு கட்டியவர் மலையாண்டி அம்பலம். இதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. அவருக்குப் பிறகு கட்டியவர்கள் பலர் இருக்கலாம். எல்லாரும் பிறகு கட்டியவர்கள்தான்.

அம்பலத்தின் பழைய வீடு ஓட்டு வீடு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், கெட்டியான மண்சுவர். அதில் யாருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை. ஆனால் ஒருநாள் உரக்கம்பெனி ஆள் ஒருவன் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "அம்பலகாரரு நெல்லுப் போட்டு வைக்கிற கட்டடம் இதுதான? அவுக வீடு எங்குட்டு இருக்கு?" என்று அவரிடமே கேட்டுவிட்டான். கோயிலில் முதல் மரியாதை வாங்கும் குடும்பம். அந்தக் கேள்வி அம்பலத்தின் முதுகுத்தண்டில் ஆணியாக இறங்கியது. ஏற்கெனவே நேரான முதுகு, அன்றிலிருந்து இன்னும் நேரானது. அறுவடை முடிந்த கையோடு வீட்டை இடித்தார்.

மதுரையிலிருந்து வந்த கான்ட்ராக்டர் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு, "முத்தம் வேணுங்களா?" என்று கேட்டார்.

"மழை பெஞ்சா வீட்டுக்குள்ள பெய்யுது. அது ஒரு வீடா? மூடுங்க."

"சன்னல் எந்தப் பக்கம் வைக்க?"

"மேக்க. ரோடு அங்குட்டுத்தான் இருக்கு. போறவன் வாரவனுக்கு நம்ம கூடம் தெரியணும்."

"மேக்க வச்சா வெயில் அடிக்குமேங்க."

"அடிக்கட்டும். வெயில் என்ன, செட்டியார் வீட்டுக்கு மட்டுந்தான் அடிக்கணும்னு எழுதி வச்சிருக்கா?"

கான்ட்ராக்டர் காகிதத்தில் மேற்கே சன்னலைப் போட்டார். அறுபத்தெட்டாம் வருஷம் தை மாதம் பால் காய்ச்சினார்கள். ஆள் உயரக் கண்ணாடி சன்னல், வழுவழுப்பான மொசைக் தரை, உத்தரமே இல்லாமல் அந்தரத்தில் நிற்பதுபோல் தட்டையான கூரை. தெருவே அண்ணாந்து பார்த்துவிட்டுச் சுளுக்குப் பிடித்த கழுத்தோடு போயிற்று.

பங்குனி பிறந்ததும் கூரை தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு அதை வீட்டுக்குள் நிதானமாகக் கக்கியது. சட்டியில் நெய் உறைவது நின்றுபோனது. இட்லி மாவு விளக்கு வைக்கும் நேரத்துக்குள் பொங்கி, பாத்திரத்தை விட்டு இறங்கி, மொசைக்கில் நடந்தது. பரணில் மறந்து வைத்த கோழிமுட்டைகள் அடைகாக்க ஆளில்லாமல் தானாகப் பொரிந்தன என்று பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அது பொய். ஒரு முட்டைதான் பொரிந்தது.

அம்பலம் அசைந்து கொடுக்கவில்லை. முழுக்கைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, கூடத்து நாற்காலியில், முதுகு சாய்மானத்தில் படாமல் உட்கார்ந்திருப்பார். நெற்றியிலிருந்து புறப்பட்ட வேர்வை, ஊரறிந்த அந்த மீசையில் தங்கி இளைப்பாறி, இரண்டு நுனியிலும் சொட்டும். யாராவது உற்றுப் பார்த்தால், "எண்ணெய் தேய்ச்சிருக்கேன்" என்பார். பார்த்தவர் போகாமல் நின்றால், "வீடு குளுகுளுன்னு இருக்குல்ல?" என்று கேட்பார்.

வீட்டில் இருந்த பனையோலை விசிறிகளை ஒன்று விடாமல் வெளியேற்றினார். மின்சாரம் இருந்தது. மின்விசிறி மாட்டுவதற்கென்று கான்ட்ராக்டர் கூரையில் ஒரு கொக்கியும் விட்டுவிட்டுப் போயிருந்தார். மாட்டினால் வீடு சூடு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். எனவே அந்தக் கொக்கியில் நெற்கதிர்க் கொத்து ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். சிட்டுக்குருவிகள் வந்து பார்த்தன. உள்ளே இருக்க முடியாமல் கதிரைப் பறித்துக்கொண்டு வெளியே போய்த் தின்றன.

வீட்டார் ஒவ்வொருவராக இடம் மாறினார்கள். முதலில் அவர் மனைவி நாச்சியார், "எருமைக்கு உடம்பு ஒரு மாதிரியா இருக்கு, பக்கத்துல இருந்து பாத்துக்கிறேன்" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனாள். அது கீற்றுக் கொட்டகை. நாலு பக்கமும் காற்று. மறுநாள் மகள் பொன்னழகு, அம்மாவுக்குத் துணை என்று போனாள். அதற்கடுத்து வேலையாட்கள், பொன்னழகுக்குத் துணை என்று போனார்கள். இத்தனை பேர் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு அந்த எருமைக்கு ஒன்றுமே இல்லை. அது நன்றாகத் தின்றுகொண்டு, சுற்றிலும் மனிதர்கள் படுத்திருப்பதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

அம்பலம் மட்டும் கூடத்தில் இருந்தார்.

இப்படியே அந்தக் கோடையும் போயிருக்கும். கெடுத்தது சிங்கம்புணரிச் சந்தை.

பொன்னழகுக்குச் சிங்கம்புணரி ஏகப்பன் மகன் சத்தியமூர்த்தியைப் பேசி முடித்திருந்தார்கள். நல்ல இடம். ஏகப்பனும் போன வருஷம் புதுவீடு கட்டியவர்தான். ஆனால் மாப்பிள்ளை பார்க்கப் போனபோது வீட்டுக்குள் கூப்பிடாமல், கொல்லையில் மாமரத்தடியில் பாய் விரித்தே காரியத்தை முடித்துவிட்டார் என்று நாச்சியாருக்கு ஒரு மனக்குறை இருந்தது. சித்திரையில் பெண் வீட்டில் பரிசம் போடுவது என்று நாள் குறித்தாகிவிட்டது.

சந்தைக்கு மாடு பார்க்கப் போன அம்பலத்தை ஏகப்பன் டீக்கடையில் பிடித்தார். ஏகப்பனுக்கும் மீசை உண்டு. அளவில் சற்றுக் குறைவு.

"சம்மந்தி, பரிசத்தை ஆடிக்காத்து அடிக்கிற வரைக்கும் தள்ளிப் போடுவமா?" என்று கேட்டார் ஏகப்பன்.

"ஆடியில எவனாச்சும் பரிசம் போடுவானா? ஏன், என்ன சங்கதி?"

"இல்ல, கத்திரி வெயிலு. உச்சிப் பொழுதுல முகூர்த்தம். உங்கது காங்கிரீட் வீடு. சனங்க வெந்துறக் கூடாதேன்னுதான்."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவரின் கை நின்றது. மாட்டுத் தரகர்கள் பேரத்தை நிறுத்தினார்கள். அம்பலத்தின் முதுகு நிமிர்ந்தது.

"என் வீட்டுக்குள்ள வந்து உக்காந்து பாத்துட்டுப் பேசுங்க. போர்வை கேப்பீக."

"அம்புட்டுக் குளிர்ச்சியா?"

"பரிசத்தன்னைக்கு என் கூடத்துல ஒருத்தர், ஒரே ஒருத்தர், விசிறி எடுத்து வீசட்டும். என் மீசையில பாதியை எடுத்துர்றேன்."

"ஒருத்தரும் வீசலேன்னா என்னுதுல பாதியை எடுத்துர்றேன்" என்றார் ஏகப்பன், கொஞ்சமும் தயங்காமல். அப்படித் தயங்காமல் சொன்னதுதான் அம்பலத்துக்கு உறுத்தியது. இந்த மனுஷனுக்குக் காங்கிரீட் வீட்டைப் பற்றி இவ்வளவு நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

அம்பலம் பேருந்தில் வீடு வந்து சேருவதற்குள், சேதி அதற்கு முந்தைய பேருந்தில் வந்து சேர்ந்துவிட்டது.

"இருந்திருந்து இருக்கிறது ஒரு மீசை" என்றாள் நாச்சியார், தவிட்டைப் பிசைந்துகொண்டே. "அதையும் சந்தையில வித்துட்டு வந்துட்டீக."

"யாரு வித்தா? வீடு குளுமையாத்தான இருக்கு."

"ஆமா. அதுக்குத்தான் எருமை மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நாங்க தூங்குறோம்."

"எருமைக்கு உடம்பு சரியில்லேன்னு நீதான சொன்ன?"

"சரியாப் போயி ஒரு மாசம் ஆச்சு. நீங்கதான் வந்து விசாரிக்கவே இல்ல."

அம்பலம் கூடத்துக்குப் போய் உட்கார்ந்தார். மாலை வெயில் கண்ணாடி வழியாக நேராக உள்ளே வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தது. மீசையின் இடப்பாதியைத் தடவினார். பிறகு வலப்பாதியை. இரண்டில் எதை விடுவது என்று ஒரு கணம் நினைத்துவிட்டார். அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது. அப்பன், பாட்டன், பூட்டன் யாரும் ஒருபக்க மீசையோடு கோயில் வாசலில் நின்றவர்கள் இல்லை.

பொன்னழகு காரைக்குடியில் கல்லூரியில் பௌதிகம் படித்தவள். பரீட்சைக்கு முன்னால் கூடப் படிக்கும் பெண்ணின் வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கே பழைய மாடித் தளம் ஒன்றை உடைத்துப் பூசிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தாள். தளத்துக்குள்ளே வரிசையாகப் பானைகள் கவிழ்ந்து கிடந்தன. உள்ளே காற்று. அந்த வீட்டு அறையின் குளிர்ச்சியில், உச்சிப் பொழுதில் படித்துக்கொண்டிருந்தவள் தூங்கிப்போனாள். பரீட்சையில் மதிப்பெண் குறைந்ததற்கு அதுவே காரணம் என்பாள்.

"அய்யா" என்றாள் இப்போது. "நம்ம வீடு சூடுன்னு நான் சொல்ல மாட்டேன்."

"சொல்லாத."

"நீங்களும் சொல்ல வேணாம்."

"நான் ஏன் சொல்லப் போறேன்?"

"ஆனா மாடி அழகா இல்ல. சும்மா மொட்டையாக் கெடக்கு. கல்யாண வீடு. கொஞ்சம் அழகுபடுத்தலாம்ல?"

அம்பலம் மகளைப் பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த விஷயத்தில் அவள் அம்மாவைப் போல இல்லை.

"அழகுக்குன்னா?" என்றார்.

"அழகுக்கு மட்டுந்தான்."

"அழகுக்குன்னா செய்யலாம்" என்றார் அம்பலம்.

அதன் பிறகு அந்த வீட்டில் அழகு மடமடவென்று ஏற ஆரம்பித்தது. கருத்தையா கொத்தனார் வந்து, கூடத்துச் சுவரில் கூரைக்குச் சற்றுக் கீழே வரிசையாக ஓட்டை போட்டார். மேலே போய்த் தேங்கும் சூடான காற்று வெளியேற அது வழி. தெருவில் போனவர்கள் கேட்டபோது அம்பலம், "அழகுக்கு" என்றார். மேற்குச் சன்னலுக்கு வெளியே மூங்கிலில் தாழ்வாரம் இறக்கி வெட்டிவேர்த் தட்டி கட்டினார்கள். அதில் தண்ணீர் தெளித்தால் உள்ளே வரும் காற்று வாசத்தோடு குளிர்ந்து வந்தது. இதுவும் அழகுக்கு. நாலு பேர் பார்க்கட்டும் என்று வைத்த சன்னல் இப்போது நாலு பேருக்கும் தெரியாமல் போனது. அதை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்.

பானைகள்தான் தொல்லை.

மானாமதுரையிலிருந்து வண்டி வண்டியாகச் சின்னப் பானைகள் வந்தன. வெளியே தெரியக் கூடாது என்று மேலே வைக்கோல் போட்டு மூடிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் அம்பலம். ஆனால் கல்யாணப் பெண் இருக்கும் வீட்டுக்கு மூடிய வண்டி வருகிறது என்றால் அந்தச் சீமையில் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. சீர்ச்சாமான். பெண்ணுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று தெருவே எட்டிப் பார்க்கும். பார்க்கவில்லை என்றால்தான் மரியாதைக் குறைவு. ஒச்சம்மாள் மரியாதை தெரிந்தவள். வண்டிக்குப் பின்னால் போய் வைக்கோலை விலக்கினாள். பித்தளை மின்னும் என்று பார்த்த இடத்தில் மண்பானை இளித்தது. அடுத்த வண்டியிலும் விலக்கினாள். அதிலும் மண்பானை.

"என்ன அம்பலகாரரே, அம்புட்டும் பானையா?"

"ஆமா."

"எதுக்கு?"

வீட்டுச் சூட்டைத் தணிக்க என்று சொன்னால் மீசை சந்தையிலேயே போய்விடும். அம்பலம் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அழகுக்கு" என்றார்.

ஒச்சம்மாள் அவரைக் கீழிருந்து மேலாகப் பார்த்தாள். பாவம், வீடு கட்டி நொடித்துப் போய்விட்டார் என்று முடிவு செய்தாள். மலையாண்டி அம்பலம் மகளுக்கு வெண்கலமும் பித்தளையும் கொடுக்க வக்கில்லாமல் மண்பானைச் சீர் கொடுக்கப் போகிறார் என்ற சேதி, அன்று சாயங்காலமே சிங்கம்புணரியில் ஏகப்பன் மனைவி சோணையம்மாளின் அடுப்படிக்குள் நுழைந்தது.

இது ஒன்றும் தெரியாமல், மாடியில் கருத்தையா கொத்தனார் பானையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அம்பலகாரரே, பானையைக் கவுத்து வைக்கிறது அழகா?"

"அழகுன்னா அழகுதான். வைய்யி."

"இல்ல, நிமித்தி வச்சாலாச்சும் பூச்செடி வைக்கலாம்."

"அண்ணே," என்றாள் பொன்னழகு, "உள்ள இருக்கிற காத்து வெளிய போகக் கூடாது. நெருக்கமாக் கவுத்து வச்சு, சந்துல செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடைச்சிருங்க. மேல வெள்ளைச் சுண்ணாம்பு ரெண்டு தடவை அடிச்சிருங்க."

"வெள்ளையும் அழகுக்குத்தான?"

"வெள்ளைதான் இருக்கிறதுலயே பெரிய அழகு."

வேலை முடிந்தபோது மாடி முழுவதும் பானைகளின் அடிப்பாகம் மட்டும் வெள்ளை வெளேரென்று வரிசையாகத் தெரிந்தது. பழனிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்த ஊர் ஒன்று கழுத்து வரை புதைந்து உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. அம்பலம் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். அழகு என்று சொல்ல அவருக்கே வாய் வரவில்லை. கீழே இறங்கிக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் அடுத்துக் கண் விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மீசை காய்ந்திருந்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் முதுகு சாய்மானத்தில் பட்டிருந்தது.

நாச்சியார் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். "எருமைக்குச் சரியாப் போச்சா?" என்று கேட்டார் அம்பலம். "அது கெடக்கு" என்றாள் அவள். பொன்னழகும் வேலையாட்களும் வந்தார்கள். தனியாக விடப்பட்ட எருமை இரண்டு நாள் பால் கொடுக்கவில்லை.

பரிச நாள் வந்தது. ஏகப்பன் வேன் வைத்துக்கொண்டு சனத்தோடு வந்து இறங்கினார். அவர் பக்கத்தில் தொந்தியும் தொப்பையுமாக ஒருவர் நடந்து வந்தார்.

"இவுக என் மச்சினன் அழகுசுந்தரம்" என்றார் ஏகப்பன் அடக்கமாக. "மார்கழி மாசத்து விடியக்காலையிலயும் இவுகளுக்கு வேர்க்கும். சிங்கம்புணரியில வேர்வைக்கு இவுகளை அடிச்சுக்க ஆள் கெடையாது."

அம்பலம் மீசையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "வாங்க, வாங்க" என்றார்.

அழகுசுந்தரத்தைக் கூடத்தின் நட்ட நடுவில் உட்கார வைத்தார் ஏகப்பன். எதிரே பரிசத் தட்டுகளை அடுக்கினார்கள். புடவை, பூ, பழம், மஞ்சள், வெற்றிலை. அம்பலத்துக்கு அருகே இருந்த தட்டில், பட்டுத் துணி ஓரம் தைத்த பனையோலை விசிறி ஒன்று இருந்தது. கோடையில் பரிசம் போட்டால் பெண்ணுக்கு விசிறி வைப்பது சோணையம்மாள் பிறந்த வீட்டு வழக்கமாம். அம்பலம் அதை ஓரக்கண்ணால் பார்த்தார். கூடத்துக்குள் பாம்பு வந்து சுருண்டு படுத்திருப்பதுபோல் இருந்தது.

உச்சிப் பொழுது. வெளியே காக்கை கூடப் பறக்கவில்லை. இரண்டு வீட்டுச் சனமும் அழகுசுந்தரத்தின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தது. நெற்றியில் ஒரு சொட்டு தோன்றியது. ஏகப்பன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். சொட்டு புருவம் வரை இறங்கியது. அங்கே யோசித்தது. காய்ந்து போனது. அழகுசுந்தரம் கொட்டாவி விட்டார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்தார். வீசத்தான் போகிறார் என்று அம்பலம் நினைத்தார். அழகுசுந்தரம் துண்டை விரித்துப் போர்த்திக்கொண்டு, அப்படியே தரையில் சாய்ந்து படுத்து, குறட்டை விட ஆரம்பித்தார்.

"மச்சான்" என்று ஏகப்பன் அவர் தொடையைத் தட்டினார். "தூங்குறதுக்கா ஒங்களைக் கூட்டியாந்தேன்? வேர்க்கலயா?"

"சும்மா இரும்யா" என்று அழகுசுந்தரம் புரண்டு படுத்தார்.

அப்போது வாசல் பக்கம் சலசலப்பு. கட்டுக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்த எருமை, படியேறி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தது. ஒரு சுற்றுப் பார்த்தது. மொசைக் தரையில் வயிறு படப் படுத்துக்கொண்டு கண்ணை மூடியது. யாரும் அதை விரட்டவில்லை. எருமை ஓரிடத்தில் போய்ப் படுத்தால் அந்த இடம் குளிர்ச்சி என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. ஏகப்பனின் கை மெதுவாகத் தன் மீசைக்குப் போய், அதை வழியனுப்புவதுபோல் தடவியது.

அம்பலம் தன் மீசையின் இரண்டு நுனியையும் முறுக்கினார். அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்னும் பத்து வீடு கட்டலாம் என்று தோன்றியது.

"பரிசம் மாத்துறதுக்கு முன்ன எனக்கு ஒரு கேள்வி இருக்கு" என்றாள் சோணையம்மாள்.

எல்லாரும் திரும்பினார்கள். சோணையம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"எங்களுக்குச் சீர் முக்கியமில்ல. பொண்ணுதான் முக்கியம். ஆனா வண்டி வண்டியா மண்பானை வந்து எறங்குச்சாமே. எம் மகனுக்கு அதுதான் சீரா? இல்ல, கேட்டுத் தெரிஞ்சுக்கிறேன். நாளப்பின்ன நாலு பேர் என்னையக் கேப்பாகல்ல?"

பின்வரிசையில் ஒச்சம்மாள் நன்றாகத் தெரிவதற்காக எழுந்து நின்றாள்.

அம்பலத்துக்கு அப்போதுதான் விளங்கியது. ஆம், சீர்தான் என்று சொன்னால், மகளுக்கு மண்பானை கொடுத்த மலையாண்டி அம்பலம் என்று அவர் பேரன் காலத்திலும் பேசுவார்கள். சீர் இல்லை என்றால், அப்புறம் எதற்கு இவ்வளவு பானை என்ற கேள்வி வரும். வீட்டைக் குளிரவைக்க என்று சொன்னால், அதற்கு முன்பு வீடு எப்படி இருந்தது என்ற கேள்வி வரும். முன்னால் போனாலும் மானம் போகும், பின்னால் வந்தாலும் மானம் போகும்.

"அது வந்து" என்றார். "அழகுக்கு."

"பானையா?"

"ஆமா."

"எங்க இருக்கு அந்த அழகு? நாங்களும் பாக்குறோம்."

"மாடியில."

"மாடியில எதுக்குப் பானை?"

அம்பலத்தின் பிடரியில் முதல் சொட்டு இறங்கியது. பிறகு நெற்றியில். பிறகு காதோரம். அந்தக் குளிர்ந்த கூடத்தில், எருமை தூங்க, அழகுசுந்தரம் போர்த்திக்கொண்டு தூங்க, ஒரே ஒரு மனிதருக்கு மட்டும் வேர்வை ஆறாகப் பெருகியது. சட்டை முதுகோடு ஒட்டியது. மீசையின் இரண்டு நுனியும் சொட்டின. "அது என்னன்னா," என்றார். "அதாவது," என்றார். அவர் பேச்சைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் வலது கை அவரைக் கேட்காமலே தட்டுக்குப் போய், பட்டு ஓரம் வைத்த அந்த விசிறியை எடுத்து, விசுக் விசுக்கென்று வீசத் தொடங்கியது.

நாச்சியார் கண்ணை மூடிக்கொண்டாள்.

அம்பலம் குனிந்து தன் கையைப் பார்த்தார். வீசுவதை நிறுத்தினார். விசிறியைத் திரும்பத் தட்டில் வைத்து, கோணலாக இருந்ததை நேராக்கினார்.

"வீடு குளுகுளுன்னுதான் இருக்கு, சம்மந்தி" என்றார் ஏகப்பன் மெதுவாக. "நீங்கதான் சூடா இருக்கீக."

மீசை போய்விட்டது. போன பிறகு பார்த்தால், காப்பாற்ற வேண்டியது ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்தது. அது ஒரு விதத்தில் லேசாகவே இருந்தது. அம்பலம் நிமிர்ந்தார்.

"சோணையம்மா, அது சீர் இல்ல. இந்த வீடு அடுப்பா இருந்துச்சு. அதான் அடுப்பு மேல பானையை வச்சேன். கவுத்து வச்சேன். எம் மக சொன்னா, செஞ்சேன். இப்பக் குளுந்துருக்கு. அம்புட்டுத்தான்."

ஏகப்பன் எழுந்து அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எம்புட்டு அடுப்பு?" என்று ரகசியமாகக் கேட்டார்.

"முட்டை பொரிஞ்சுச்சு."

"எங்க வீட்டுல மெழுகுவத்தி பத்த வைக்காமலே படுத்துருச்சு, சம்மந்தி. நான் தோட்டத்துல மோட்டார் ரூம்புலதான் படுக்கை."

"மோட்டார் ரூம்பா?" என்றாள் சோணையம்மாள். "உள்ளதைச் சொல்லுங்க. பம்புசெட்டுத் தொட்டியில கழுத்து மட்டும் தண்ணிக்குள்ள உக்காந்துதான் பேப்பர் படிக்கிறாரு. பொண்ணு வீட்டுக்காரவுக வந்த அன்னைக்கு மாமரத்தடியில ஏன் பாய் விரிச்சோம்னு நெனைக்கிறீக?"

நாச்சியாரின் மனக்குறை அந்த இடத்திலேயே தீர்ந்தது.

ஏகப்பன் பொன்னழகைக் கூப்பிட்டு மாடி ஏறினார். கூட்டமும் ஏறியது. வெள்ளைப் பானைகளுக்கு நடுவே நின்று ஏகப்பன் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார். பொன்னழகு காற்றையும் வெள்ளையையும் விளக்கினாள். இறங்கி வந்ததும் ஏகப்பன் தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்தார்.

"சம்மந்தி, பித்தளை வேணாம், வெண்கலம் வேணாம். எனக்குச் சீரா அதே மாதிரிப் பானையைக் குடுத்துருங்க. எம் வீட்டு மாடி ரொம்ப அழகில்லாமக் கெடக்கு."

"மண்பானைச் சீரா?" என்றார் அம்பலம்.

"நான் கேட்டு வாங்குறேன். எவன் பேசுவான்?"

பரிசம் மாற்றினார்கள். மங்கல வீட்டில் சவரக் கத்தி எடுக்கக் கூடாது என்று நாச்சியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் மீசைக் கணக்கு மறுநாளைக்குத் தள்ளிப் போனது. சாட்சிக்கு இருக்கிறேன் என்று ஏகப்பன் தங்கிவிட்டார். சாட்சிக்கு ஒன்றுமில்லை, அந்தக் கூடத்தில் ஒருநாள் தூங்கிப் பார்க்கத்தான். விடிந்து வெகுநேரம் கழித்து எழுந்தார்.

சவரம் செய்பவர் வந்து சோப்பைக் குழைத்தபோது ஏகப்பனுக்கே மனசு கேட்கவில்லை. "விட்டுருங்க, சம்மந்தி. விளையாட்டுக்குச் சொன்னது" என்றார்.

"சொன்னது சொன்னதுதான்."

"அப்ப முழுசா எடுத்துருங்க. பாதியோட இருந்தா பாக்கிறதுக்கு ஒரு மாதிரி இருக்கும்."

"பாதின்னுதான் சொன்னேன். முழுசா எடுத்தா சொல் மாறிப் போகும்" என்றார் அம்பலம். இடப்பாதி போனது.

வைகாசியில் கல்யாணம் முடிந்து சீர் புறப்பட்டது. நாயனம் முன்னால் போக, மாலை போட்ட மாட்டுவண்டிகளில் புதுப் பானைகள் குவிந்திருந்தன. ஒரு வைக்கோல் கூட மூடவில்லை. வண்டிகளுக்கு முன்னால், சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, முதுகு வளையாமல் நடந்தார் மலையாண்டி அம்பலம். அவருக்கு வலப்பக்கத்து வீட்டு வாசல்களில் நின்றவர்கள், அம்பலகாரர் மீசையை எடுக்கவே இல்லை, எல்லாம் வெறும் பேச்சு என்றார்கள். இடப்பக்கத்து வாசல்களில் நின்றவர்கள், மீசையே இல்லை, வேறு யாரோ ஆள் போகிறார் என்றார்கள். தெருவுக்குக் குறுக்கே இரண்டு வரிசைக்கும் சண்டை மூண்டது.

சீரை இறக்கிவிட்டு வந்தபோது, ஊர் எல்லையில் வண்டிக்காரர், "கண்மாய்க்கரை வழியா வீட்டுக்குப் பின்னாடி போயிரலாமா, அம்பலகாரரே?" என்று கேட்டார்.

"எதுக்கு? அதே தெருவுக்கு விடு" என்றார் அம்பலம், நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு. "இந்தத் தடவை அங்குட்டு வாசல்ல உள்ளவுகளும் மீசையைப் பாக்கட்டும்."